நோன்பு பிடிக்கும் இரண்டு மொழிகள்

ஒரு மொழியைக் கற்பது என்றால் அதன் சொற்களைக் கற்பதுதான் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். சொற்கள் வீடு கட்டக் கொண்டுவந்து இறக்கிய கற்களைப் போன்றவை. வண்டி வண்டியாகக் கல்லைக் குவித்தாலும் அது வீடாகிவிடாது. எந்தக் கல்லை எதன்மேல் வைப்பது என்று சொல்வதே இலக்கணம். அரபுக் கல்லூரியில் நஹ்வும் ஸர்பும் ஓதி, இருபது வருடங்களாக அவற்றையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவரும் எனக்கு இது புதிய செய்தியல்ல. எனினும் எங்கள் கொச்சிக்கடை வீடுகளில் அடுப்படியிலும் வாசற்படியிலும் புழங்கும் தமிழின் கட்டு எவ்வளவு உறுதியானது என்பதைத் துருக்கி மொழிதான் எனக்குக் காட்டித் தந்தது.

துருக்கி மொழி எப்படி எங்கள் தெருவுக்கு வந்தது என்று சகோதரிகள் கேட்கலாம். என் தங்கையின் மகளுக்குத் துருக்கியில் பல்கலைக்கழகப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அங்கு முதல் வருடம் முழுவதும் மொழிப் படிப்பு. போகுமுன் கொஞ்சம் படித்துக்கொண்டால் நல்லதென்று, மூன்று மாத காலம் மஃரிபுக்குப் பின் என் வீட்டில் புத்தகத்தை விரித்து இருவருமாக உட்கார்ந்தோம். தங்கை மகளுக்குத் துணையாக வந்து ஒரு மூலையில் இருப்பாள். அவள் படித்தது சாதாரண தரம் வரைதான்.

நமக்குப் பழகிய பெயர்

துருக்கி நம் முன்னோருக்கு அந்நியமான பெயரல்ல. சித்திலெப்பை அவர்கள் 1885ல் வெளியிட்ட ‘அஸன்பே சரித்திரம்’ தமிழின் ஆரம்ப கால நாவல்களில் ஒன்று. அந்தக் கதாநாயகனின் பெயரிலுள்ள ‘பே’ என்பது துருக்கியரின் மரியாதைச் சொல். 1905ல் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றத் தடை விதிக்கப்பட்டபோது, இலங்கை முஸ்லிம்கள் ஒன்றுதிரண்டு போராடி அந்த உரிமையை வென்றார்கள். அதே தொப்பியைத் துருக்கி அரசு 1925ல் சட்டம் போட்டுத் தடை செய்தது வேறு கதை. ஆக, துருக்கியரின் தொப்பியை நாம் அறிந்தோம். பட்டப் பெயரை அறிந்தோம். அண்மைக் காலத்தில் எர்துருல் நாடகத்தை இரவிரவாகப் பார்த்து ‘தமாம்’ என்று சொல்லவும் பழகிக்கொண்டோம். அவர்களுடைய மொழி எப்படி நடக்கிறது என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

துருக்கி மொழியில் அரபுச் சொற்கள் ஏராளம். கிதாப், கலெம், துஆ, நிய்யெத், ஸாஅத் எல்லாம் அங்கே உண்டு. ஆகவே அரபு தெரிந்தவனுக்குத் துருக்கி இலகு என்று தோன்றும். சொல்லளவில் அது சரிதான். ஆனால் வாக்கியம் என்று வந்தவுடன் அரபு ஒதுங்கி நின்றுவிடுகிறது. தமிழ் முன்னால் வருகிறது.

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: “பென் துன் அன்னெம்லெ பஸாரா கித்திம்.” பென் என்றால் நான். துன் என்றால் நேற்று. அன்னெம் என்றால் என் உம்மா. அதன் பின்னுள்ள ‘லெ’ நம்முடைய ‘ஓடு’. பஸாருடன் ஒட்டிய ‘ஆ’ நம்முடைய ‘கு’. கித்திம் என்றால் போனேன். நான் நேற்று உம்மாவோடு பஸாருக்குப் போனேன். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை! இதையே அரபில் சொல்வதானால் ‘போனேன்’ என்பதை முதலில் வைத்து, ‘ஓடு’ என்பதற்குரிய ‘மஅ’வை உம்மாவுக்கு முன்னாலும், ‘கு’ என்பதற்குரிய ‘இலா’வைப் பஸாருக்கு முன்னாலும் வைப்பதே வழக்கம்.

பின்னால் ஒட்டும் கோர்வை

அரபு தன் சொல்லை உள்ளுக்குள்ளேயே மாற்றும். கிதாப் ஒன்று என்றால் குதுப் பல. எழுதுபவன் காதிப், எழுதப்பட்டது மக்தூப். துருக்கி அப்படிச் செய்யாது. வேர்ச்சொல்லைத் தொடாமல் அதன் வாலில் ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொண்டே போகும். எவ் என்றால் வீடு. எவ்லெர், வீடுகள். எவ்லெரிமிஸ், எங்கள் வீடுகள். எவ்லெரிமிஸ்தெ, எங்கள் வீடுகளில். ‘எங்கள்’ என்பதை நாம் முன்னால் வைக்கிறோம். அவர்கள் அதையும் பின்னால் ஒட்டிவிடுகிறார்கள். மற்றபடி வீடு, கள், இல் என்ற அதே வரிசைதான்.

வியாபாரம் செய்வோருக்கு நாம் ‘காரன்’ சேர்ப்போம். அவர்கள் ‘சி’ சேர்ப்பார்கள். பாலுக்கு சுத், பால்காரனுக்கு சுத்ச்சு. பாணுக்கு எக்மெக், பாண்காரனுக்கு எக்மெக்ச்சி. ‘உள்ள’, ‘இல்லாத’ என்பவற்றுக்கும் ஒட்டுகள் உண்டு. உப்புக்கு துஸ், உப்புள்ளது துஸ்லு, உப்பில்லாதது துஸ்சுஸ். இதை வாசித்தவுடன் என் தங்கை சொன்னாள்: “அப்ப கறி ருசி பார்க்க இந்த ரெண்டு சொல்லும் போதும், நானா.”

ஒட்டுகளில் ஒரு நுட்பம் உண்டு. துருக்கியில் எட்டு உயிரோசைகள். அவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எ, இ ஆகியவையும், உதட்டைக் குவித்துச் சொல்லும் அவற்றின் இரண்டு சகோதர ஓசைகளும் ஒரு கூட்டம். அ, ஒ, உ என்பவையும், உதட்டைக் குவிக்காமல் சொல்லும் ஓர் உகரமும் இன்னொரு கூட்டம். சொல்லின் கடைசி உயிர் எந்தக் கூட்டமோ, ஒட்டும் அந்தக் கூட்டத்துச் சட்டையைப் போட்டுக்கொள்ளும். எவ் என்பதற்கு எவ்லெர். பாடசாலையைக் குறிக்கும் ஒகுல் என்பதற்கு ஒகுல்லர். எவ்தெ என்றால் வீட்டில். ஒகுல்தா என்றால் பாடசாலையில். அரபிலிருந்து வந்த சில சொற்கள் இந்த ஒழுங்குக்கு விலகி நிற்கும். அவற்றைத் தனியே மனனம் செய்துகொள்ள வேண்டும்.

உதடு குவியாத அந்த உகரம் ஆங்கிலப் பேச்சுக்குப் பழகியவர்களைத் திணறச் செய்யும். நமக்கு அது வீட்டுச் சரக்கு. காசு, பாட்டு, வீடு என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உங்கள் உதடு குவிவதில்லை அல்லவா? நம் இலக்கணத்தில் இதற்குக் குற்றியலுகரம் என்று பெயர். துருக்கியர் எழுதும் புள்ளியில்லாத ‘இ’யின் ஓசைக்கு மிக நெருக்கமானது இதுதான்.

பெயரும் வினையும் ஜோடி சேரும் விதம்

இனி என் தங்கை எங்களை முந்திக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். ஒருநாள் பாடத்தில் ‘ஒருச் துத்மக்’ என்று வந்தது. ஒருச் என்றால் நோன்பு. துத்மக் என்றால் பிடித்தல். அடுத்து ‘ஒருச் அச்மக்’. அச்மக் என்றால் திறத்தல். நான் பொருளைச் சொல்லி முடிக்குமுன், மூலையிலிருந்து, “நானா, இது நாங்க செல்றதுதானே? நோன்பு பிடிக்கிற, நோன்பு திறக்கிற” என்றாள்.

மருமகளின் முகம் மாறியது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் சின்ன வகுப்பில் படிக்கும்போது ‘நான் நோன்பு பிடித்தேன்’ என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். ஆசிரியர் சிவப்பு மையால் அதை வெட்டி ‘நோற்றேன்’ என்று திருத்தி, வீட்டுக் கொச்சையைப் பாடசாலைக்குக் கொண்டுவராதே என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். நோற்றல் நல்ல சொல்தான். அதை அறிந்திருக்கவும் வேண்டும். ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பின் பிள்ளை தமிழ் எழுதுவதையே குறைத்துக்கொண்டாள். அடுத்த வருடம் ஆங்கில வகுப்புக்கு மாறினாள். எங்கள் தமிழ் உடைந்த தமிழ் என்ற எண்ணம் அவள் மனதில் தங்கிவிட்டது.

அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இந்த வினைச்சொற்கள் ஒவ்வொன்றும் சொல்கின்றன. துருக்கியர் வுழூவுக்கு அப்தெஸ்த் என்பர். தண்ணீர், கை என்ற இரண்டு பாரசீகச் சொற்களின் சேர்க்கை அது. அதை அவர்கள் ‘அல்மக்’, அதாவது எடுக்கிறார்கள். நாமும் ஒளு எடுக்கிறோம். அவர்கள் சொஸ் வெர்மெக் என்று வாக்குக் கொடுக்கிறார்கள்; ருயா கொர்மெக் என்று கனவு காண்கிறார்கள். சிகரெட்டைக்கூட அவர்கள் நம்மைப் போலக் குடிக்கத்தான் செய்கிறார்கள். தண்ணீருக்கும் புகைக்கும் ‘இச்மெக்’ என்ற ஒரே வினைதான். கண்பட்டது என்று நாம் சொல்வதை ‘நஸர் தெய்தி’ என்பர். தெய்மெக் என்றால் தொடுதல், படுதல். தயாக் யெமெக் என்றால் அடி தின்னல். இது நம் தெருப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். கட்டுண்டான், வெட்டுண்டான் என்று செந்தமிழும் உண்ணுதலை இப்படித்தான் பயன்படுத்துகிறது. ஓயாமல் தொல்லை கொடுப்பவனிடம் ‘என் தலையின் இறைச்சியைத் தின்னாதே’ என்று துருக்கியர் சொல்வர். நம் வீடுகளில் ‘மண்டையைத் தின்னாதே’ என்பதற்கும் அதற்கும் என்ன தூரம்?

இதன் அடியிலே ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்நியச் சொல் ஒன்று வந்தால் அரபு அதைத் தன் அச்சில் போட்டுப் பிசைந்துவிடும். டெலிபோனிலிருந்து ‘தல்பன’ என்று ஒரு வினையையே அது உண்டாக்கிக்கொண்டது. தமிழும் துருக்கியும் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. வந்த சொல்லை முழுசாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் தமது வினை ஒன்றை நிறுத்தும். நாம் ‘போன் பண்ணு’ என்கிறோம். அவர்கள் ‘டெலிபோன் எத்மெக்’ என்கிறார்கள். எத்மெக் என்றால் செய்தல். தானாக நிகழ்வதற்கு ஒல்மக், அதாவது ஆதல். ‘அல்லாஹ் கபூல் எத்சின்’ என்றால் அல்லாஹ் கபூல் செய்யட்டும். ‘துஆன் கபூல் ஒல்சுன்’ என்றால் உன் துஆ கபூலாகட்டும். செய், ஆகு என்ற இரண்டு வினைகளும் ஒரே அரபுச் சொல்லை எடுத்து இரண்டு விதமாக நடத்துவதைக் கவனியுங்கள். நம் மூத்தம்மாமார் ஒருநாளும் இதில் பிசகியதில்லை. இலக்கணம் தெரியாதவர்கள் என்று அவர்களை எப்படிச் சொல்வது?

எல்லா ஜோடிகளும் ஒத்துப்போகும் என்று நம்பிவிடவும் கூடாது. நாம் முடிவை எடுக்கிறோம். அவர்கள் ‘கரார் வெர்மெக்’ என்று கொடுக்கிறார்கள். நாம் வேதனைப்படுகிறோம், அவர்கள் வேதனையை இழுக்கிறார்கள். ஒருவர் வபாத்தானார் என்று நாம் ‘ஆகு’ சேர்க்கும் இடத்தில் அவர்கள் ‘வெபாத் எத்தி’ என்று ‘செய்’ சேர்க்கிறார்கள். தொழுகைக்கு நமாஸ் என்று சொல்லி, அதற்கென ‘கில்மக்’ என்ற பழைய வினையை வைத்திருக்கிறார்கள். நமக்கோ தொழு என்பதே தனி வினை. எனவே பெயரை மட்டும் மனனம் செய்யாதே, அதன் வினையோடு சேர்த்து ஜோடியாக மனனம் செய் என்று மருமகளுக்குச் சொன்னேன். அவள் கொப்பியில் ஒரு பக்கம் துருக்கி ஜோடி, எதிர்ப்பக்கம் உம்மாவின் ஜோடி என்று எழுதத் தொடங்கினாள். எதிர்ப்பக்கத்தை நிரப்பியது முழுக்க என் தங்கைதான்.

வினையோடு வினை சேர்வதும் உண்டு. கல்கிப் கித்தி என்றால் எழும்பிப் போனான். அந்த ‘இப்’ நம் வினையெச்சம். உயுயா கல்தி என்றால், சொல்லுக்குச் சொல், தூங்கித் தங்கினான். அதாவது தன்னையறியாமல் தூங்கிப்போனான். கிதிவெர்தி என்பதில் ‘கொடு’ என்ற வினை ஒட்டி, சட்டென்று போய்விட்டான் என்ற பொருளைத் தருகிறது. துஷெயாஸ்தி என்றால் விழப் பார்த்தான். நாம் அங்கே ‘பார்’ சேர்க்கிறோம். அவர்கள் ‘தவறு’ என்று பொருள்படும் ஒரு பழைய வினையைச் சேர்க்கிறார்கள்.

கண்டதும் கேட்டதும்

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஒரு சின்ன ஒட்டு. கெல்தி என்றால் வந்தான். கெல்மிஷ் என்றால் வந்தானாம். தான் கண்டதற்கு ‘தி’. பிறர் சொல்லக் கேட்டதற்கும், அடையாளத்தைப் பார்த்து ஊகித்ததற்கும் ‘மிஷ்’. நம்முடைய ‘ஆம்’ செய்யும் வேலையை அது செய்கிறது. துருக்கித் தாய்மார் கதை சொல்லும்போது ‘ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம்’ என்றே ஆரம்பிப்பார்கள். நம் மூத்தம்மாமாரும் ‘ஒரு ஊரில ஒரு ராஜா இருந்தாராம்’ என்றுதானே சொன்னார்கள்?

யாரிடமிருந்து கேட்டோம் என்று அறிவிப்பாளர் வரிசையைச் சோதிக்கும் ஹதீஸ் கலையை ஓதிய எனக்கு இந்த ஒட்டு பெரிய அமானிதமாகத் தோன்றுகிறது. அயல்வீட்டுப் பிள்ளையைப் பற்றி ‘அவள் போனாள்’ என்பதற்கும் ‘அவள் போனாளாம்’ என்பதற்கும் இடையில் ஒரு பெண்ணின் மானம் இருக்கிறது. மொழி நமக்கு அந்த வேறுபாட்டைத் தந்திருக்கிறது. ‘ஆம்’ போட வேண்டிய இடத்தில் அதை விழுங்கிவிட்டுப் பேசுவது இலக்கணப் பிழை மட்டுமல்ல.

உறவு முறையிலும் இரு மொழிகளும் நெருங்கி நிற்கின்றன. உம்மாவின் சகோதரி தெய்ஸெ. வாப்பாவின் சகோதரி ஹாலா. உம்மாவின் சகோதரர் தாயி. வாப்பாவின் சகோதரர் அம்ஜா. சாச்சி, மாமி, மாமா, சாச்சா என்று பிரித்துச் சொல்லும் நமக்கு இது சிரமமில்லை. மரியாதைச் சொல் பெயருக்குப் பின்னாலேயே வரும். ஆயிஷா ராத்தா என்று நாம் சொல்வதுபோல அவர்கள் ஆயிஷெ அப்லா என்பர். நீ, நீங்கள் என்பதற்கு சென், சிஸ். ஆனால் அவன், அவள், அது மூன்றுக்கும் ‘ஒ’ என்ற ஒரே சொல்தான்; அங்கே நம் மொழிதான் கூடுதலாகப் பிரித்துப் பார்க்கிறது.

சமையல் செய்தவரிடம் ‘எலினெ ஸாலிக்’, உன் கைக்கு ஆரோக்கியம் என்று சொல்வது அவர்களது நல்ல வழக்கம். சோறாக்கிப் போட்ட கைக்கு ஒரு வார்த்தை! இதை மட்டும் நம் ஆண்கள் துருக்கியிடமிருந்து கட்டாயம் கற்றுக்கொள்ளலாம் என்று என் தங்கை சொல்லிக் கொண்டேயிருந்தாள்.

உறவா, ஒற்றுமையா?

இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் தமிழும் துருக்கியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளோ என்று கேட்கத் தோன்றும். 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் பாதிரியார், இம்மொழிகளைத் துருக்கியும் அடங்கிய சித்திய மொழிக் கூட்டத்தோடு உறவுபடுத்தினார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. ஒரே வரைபடத்தில் வீடு கட்டிய இருவர் சகோதரர்களாக இருக்க வேண்டியதில்லை. ஜப்பான் மொழியும் கொரிய மொழியும்கூடச் சொல்லின் பின்னால் ஒட்டுகளைக் கோர்த்து, வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகளே. நம் நாட்டு மலாய் சகோதரர்களின் பேச்சு, தமிழோடும் சிங்களத்தோடும் பல தலைமுறை பழகி, முன்னால் இருந்ததைப் பின்னால் ஒட்டும் வழக்கத்தைப் பெற்றுக்கொண்டது. மொழிகள் பிறப்பால் மட்டுமல்ல, பழக்கத்தாலும் உருமாறுகின்றன.

பழக்கம் விட்டுப்போனால் மறைந்தும் போகின்றன. துருக்கியர் 1928 வரை தம் மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். அந்த வருடம் நவம்பரில் வந்த சட்டத்தால் லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். அதனால் மூத்தவர்கள் எழுதிவைத்ததைத் தனியாகப் படித்துக்கொள்ளாத பேரப்பிள்ளைகளால் வாசிக்க முடியாமல் போயிற்று. நம்மிடம் அரபுத் தமிழ் இருந்தது. தமிழின் ஓசைகளுக்காக அரபு எழுத்துக்குப் புதிய புள்ளிகளை இட்டு, நம் பெண்கள் மார்க்கத்தையும் மருத்துவத்தையும் அதில் ஓதினார்கள். நம்மை யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. நாமே கைவிட்டோம். என் உம்மம்மா ஓதிய ஏடுகளை இன்று எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர வேறு எவரும் வாசிப்பதில்லை.

எழுத்து போனது ஒரு தலைமுறையில். இப்போது பேச்சின் முறை வந்திருக்கிறது. வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கையின் மூத்த மகன், தன் மூன்று வயதுப் பிள்ளையோடு ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தான். தங்கை பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசுவதற்கு மொழியில்லாமல் இருப்பாள். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சிங்களமும் வேண்டும், அவை பிழைப்புக்கும் அயலவரோடு வாழ்வதற்கும் தேவை. ஆனால் பிள்ளையின் நாக்கில் இலக்கணம் ஏறுவது புத்தகத்தால் அல்ல, உம்மம்மாவின் பேச்சால். அதை அடைத்துவிட்டு வேறெங்கே போய் வாங்குவது?

மருமகள் புறப்பட்டுப்போய் ஒரு வருடமாகிறது. பல நாட்டுப் பிள்ளைகளோடு படித்து மொழி வகுப்பை முடித்துவிட்டாள். போனில் பேசும்போது, வினை ஜோடிகளில் சந்தேகம் வந்தால் இன்றும் என்னிடம் கேட்பதில்லை, உம்மாவைத்தான் கேட்கிறாள். அண்ணன் மகனோடும் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாளாம். இது நான் காதால் கேட்டதல்ல, தங்கை சொன்னது. ஆகவே ‘ஆம்’ போட்டே எழுதுகிறேன். அந்தச் சின்னவன் போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, “உம்மம்மா, தண்ணி தாங்க” என்று கேட்டான். இதை நான் என் காதாலேயே கேட்டேன்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகள் எத்தனை மொழி வேண்டுமானாலும் படிக்கட்டும். நோன்பு பிடிப்பதையும் திறப்பதையும், ஒளு எடுப்பதையும், துஆ கபூலாவதையும் நீங்கள் சொல்லும் அந்தச் சொற்களிலேயே வீட்டில் கேட்கட்டும். நாளை எந்த நாட்டுப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் பாதி இலக்கணம் அவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்திருக்கும்.